பி-கலமா, டி-கலமா? ஒரு தாளும் பிள்ளையின் எதிர்காலமும்

பிள்ளைக்குக் குருதிப் புற்றுநோய் என்று உறுதியான சில நாட்களில் ஆய்வுகூடத்திலிருந்து ஒரு தாள் வந்து சேரும். ஆங்கிலத்தில் அச்சடித்தது. சி.டி.19 பொசிட்டிவ், சி.டி.10 பொசிட்டிவ், சி.டி.3 நெகட்டிவ் என்று எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வரிசை. அடியில் ஒன்றிரண்டு வரியில் முடிவு. கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும், அக்குறணையிலிருந்தும் ரத்தோட்டையிலிருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்டிக்கு வரும் தாய் தகப்பனுக்கு அந்த வரிசை விளங்காது. அவர்களிடம் இருப்பது ஒரே கேள்வி: பிள்ளை தப்புமா?

விடையின் ஒரு பகுதி உண்மையாகவே அந்தத் தாளில் இருக்கிறது. மீதி வார்ட்டில் இருக்கிறது, மருந்துக் களஞ்சியத்தில் இருக்கிறது, பஸ் காசில் இருக்கிறது, இரவில் மறக்காமல் கொடுக்கும் ஒரு மாத்திரையில் இருக்கிறது. தாளைப் பார்த்துப் பயந்துபோய் மீதியைக் கைவிட்டுவிடக் கூடாது. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கவலைதான்.

டெங்கு என்று நினைத்த காய்ச்சல்

கண்டி மாவட்டத்தில் மழைக்காலக் காய்ச்சல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. எஃப்.பி.சி. என்ற முழுக் குருதி எண்ணிக்கை எடுக்கிறார்கள், குருதிச் சிறுதட்டு குறைந்திருக்கிறது, பிள்ளையை வார்ட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்வதுதான் சரி. டெங்கு சில மணி நேரத்தில் நிலைமையைத் தலைகீழாக்கிவிடும். ஆனால் டெங்குவில் இறங்கிய சிறுதட்டு எண்ணிக்கை ஒரு கிழமை, பத்து நாளுக்குள் ஏறத் தொடங்கும். ஏறாமலே இருந்தால், காய்ச்சல் போய்ப் போய் வந்தால், பிள்ளை வெளிறிக்கொண்டே போனால், கால் நோகிறது என்று இரவில் அழுதால், நொண்டினால், அடிபடாத இடத்தில் கண்டல் தெரிந்தால், கழுத்தில் நெறி கட்டினால், அடுத்துக் கேட்க வேண்டியது "பிளட் பிக்சர்". ஒரு துளி குருதியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமிட்டு, பயிற்சி பெற்ற கண் நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பழைய சோதனை. பெரிய செலவில்லை. சந்தேகத்தை எழுப்பப் பெரும்பாலும் இதுவே போதும். உறுதிப்படுத்த இடுப்பென்பிலிருந்து என்பு மச்சை எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூட்டு வலிக்கும், வீசிங்குக்கும், சிறுதட்டுக் குறைவுக்கும் பிரெட்னிசலோன் கொடுப்பது வழக்கம். அதே பிரெட்னிசலோன் குருதிப் புற்றுநோய்க்கும் மருந்து. காரணம் தெரியாமல் சில நாள் கொடுத்துவிட்டால் நோய்க்கலங்கள் தற்காலிகமாகக் கரைந்துபோகும்; பிள்ளை தேறியதுபோல் எழுந்து விளையாடும்; மச்சைச் சோதனை மங்கலாகும். சில கிழமைகளில் நோய் திரும்பி வரும்போது, தொடக்கத்தில் வெண்குழியம் எவ்வளவு இருந்தது என்ற மிக முக்கியமான எண்ணிக்கை ஒருவரிடமும் இருக்காது. கழுத்தில் நெறியோ தொடர் காய்ச்சலோ உள்ள பிள்ளைக்கு இந்த மருந்தைத் தொடங்குமுன் பிளட் பிக்சர் பார்த்தாயிற்றா என்று கேட்பதற்குப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. எந்த நல்ல டொக்டரும் அதைத் தவறாக எடுக்கமாட்டார்.

கலத்தின் மேலுள்ள குறி

குருதிக் கலங்கள் என்பு மச்சையில் பிறக்கின்றன. இளம் பருவத்திலிருந்து முதிர்ச்சிவரை படிப்படியாக வளர்ந்துதான் வெளியே வருகின்றன. குருதிப் புற்றுநோயில் ஏதோ ஓர் இளம் படியில் வளர்ச்சி நின்றுவிடுகிறது. நின்ற கலம் பெருகிப் பெருகி மச்சையை அடைத்துக்கொள்கிறது. செங்குழியம் உண்டாக இடமில்லாததால் பிள்ளை வெளிறுகிறது. சிறுதட்டுக்கு இடமில்லாததால் கண்டல். நல்ல வெண்குழியத்துக்கு இடமில்லாததால் காய்ச்சல்.

வளர்ச்சி நின்றது எந்த வம்சத்தில், எந்தப் படியில்? நுணுக்குக்காட்டியில் இந்த இளங்கலங்கள் கிட்டத்தட்ட ஒரே சாயலில்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு படியிலும் கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்கள் மாறுகின்றன. கை பழகிய கொழுந்தெடுப்பவர் இலையைத் தொட்டே அது எத்தனை நாள் கொழுந்து என்று சொல்லிவிடுவதைப்போல, மேலிருக்கும் புரதங்களைப் பார்த்தே கலத்தின் வம்சத்தையும் வயதையும் சொல்லிவிடலாம். அந்தப் புரதங்கள்தான் தாளில் உள்ள சி.டி. எண்கள். பி-கலமும் டி-கலமும் வெண்குழியத்தின் இரு வம்சங்கள். சி.டி.19, சி.டி.22, சி.டி.79ஏ இருந்தால் பி-கல வம்சம். கலத்துக்குள்ளே சி.டி.3, மேலே சி.டி.7 இருந்தால் டி-கல வம்சம். சி.டி.13, சி.டி.33, எம்.பி.ஓ. போன்றவை சேர்ந்து வந்தால் மைலோயிட் என்ற வேறு வகை. அதன் சிகிச்சையே வேறு. சி.டி.34 இருந்தால் மிக இளம் படியில் நின்ற கலம்.

பிள்ளைகளுக்கு வரும் குருதிப் புற்றுநோயில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேலே ஏ.எல்.எல். எனப்படும் வகை. அதிலும் பெரும்பாலானவை பி-கல வகை. டி-கலம் மேலை நாடுகளில் 10 முதல் 15 வீதம்.

இந்தக் குறிகளைப் படிக்கும் இயந்திரத்துக்கு ஃப்ளோ சைட்டோமீட்டர் என்று பெயர். ஒவ்வொரு புரதத்தையும் தேடிப் போய் ஒட்டும் பிறபொருளெதிரிகளில் ஒளிரும் சாயம் ஏற்றி, மச்சைக் கலங்களோடு கலப்பார்கள். பிறகு கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றை வரிசையில் லேசர் ஒளிக்கு முன்னால் ஓடும். எந்தக் கலம் எந்த நிறத்தில் ஒளிர்ந்தது என்று இயந்திரம் குறித்துக்கொள்ளும். சில நிமிடத்தில் லட்சக்கணக்கான கலங்கள். ஒரே நிபந்தனை, கலங்கள் உயிரோடு வந்து சேர வேண்டும்; ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள். ஆய்வுகூடம் கொழும்புப் பக்கம் என்றால், கடுகண்ணாவ கணவாய் இறங்கிப் போகும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும். வெள்ளி பின்னேரம் எடுத்த மச்சை திங்கள்வரை காத்திருந்தால் வேலைக்கு உதவாமல் போகலாம். பிள்ளைக்கு மறுபடி ஊசி. எந்த நாளில், எந்த நேரத்தில் மச்சை எடுப்பது என்பதுகூடச் சிகிச்சையின் ஒரு பகுதி என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆட்டுக் குருதியில் தொடங்கிய கதை

1970களின் தொடக்கத்தில் இந்த இயந்திரங்களும் சாயங்களும் இந்த வேலைக்கு வந்திருக்கவில்லை. கையிலிருந்தது ஆட்டுக் குருதி. செம்மறியாட்டின் செங்குழியங்களைச் சோதனைக்குழாயில் சேர்த்தால் டி-கலங்களைச் சுற்றி அவை பூவிதழ்போல் ஒட்டிக்கொள்ளும். மற்றக் கலங்களை அண்டாது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியில் போரெல்லா, சென் என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் இந்த முறையில் சில பிள்ளைகளின் நோய்க்கலம் டி-கலம் என்று காட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு தனிக் கூட்டமாகத் தெரிந்தார்கள். பலர் சற்று வளர்ந்த ஆண் பிள்ளைகள். வெண்குழிய எண்ணிக்கை மிக உயர்ந்திருக்கும். நெஞ்சுக்குள் கட்டி இருக்கும். நோய் சீக்கிரம் திரும்பி வரும்.

1975ஆம் ஆண்டு இரண்டு வாசல்களைத் திறந்தது. கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே குறியை மட்டும் தேடும் பிறபொருளெதிரிகளை வேண்டிய அளவுக்குத் தயாரிக்கும் வழியைக் கண்டார்கள். 1984இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. லண்டனில் மெல்வின் கிரீவ்ஸ், பிள்ளைகளின் ஏ.எல்.எல். கலங்களில் பரவலாகக் காணப்படும் ஒரு குறியைக் கண்டுபிடித்தார். அதுதான் இன்றைய தாளில் சி.டி.10. புற்றுநோய்க்கே உரிய குறி என்றுதான் முதலில் எண்ணினார்கள். சாதாரண மச்சையின் இளம் பி-கலங்களிலும், ஏன், சிறுநீரகத்திலும்கூட அது இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. சி.டி.10 பொசிட்டிவ் என்ற ஒரு வரியை மட்டும் பார்த்து எவரும் கலங்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். குறிகளைக் கூட்டமாகத்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு ஆய்வுகூடமும் தன் கண்டுபிடிப்புக்குத் தனிப்பெயர் வைத்த குழப்பம் 1982இல் பாரிஸில் கூடிய மாநாட்டில் தீர்ந்தது. சி.டி. எண்கள் அங்கே பிறந்தன. இன்று அவை 370ஐத் தாண்டிவிட்டன.

1977இல் ஜூடித் செசல்ஸ், ஹார்டிஸ்டி, கிரீவ்ஸ் முதலானோர் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை இந்தக் குறிகளையும் பிள்ளைகள் பிழைப்பதையும் இணைத்துப் பார்த்தது. சி.டி.10 உள்ள பொது வகைப் பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள். டி-கலப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். டி-கலம் என்றால் கெட்ட செய்தி என்ற எண்ணம் மருத்துவ உலகில் ஊன்றியது அந்தக் காலத்தில்தான். அந்த எண்ணம் இன்னும் சிலருடைய வாயில் இருக்கிறது. இணையத்தில் பழைய பக்கங்களைத் தேடிப் படிக்கும் பெற்றோருக்கும் அது வந்து சேர்கிறது.

ஆனால் பிறகு என்ன நடந்தது? டி-கலத்தின் குணம் மாறவில்லை. கொடுத்த மருந்து மாறியது. ஜேர்மனியில் ரீம் தலைமையிலான குழு சிகிச்சையைக் கடுமையாக்கியபோது இரண்டு வகைக்கும் இடையிலான தூரம் குறையத் தொடங்கியது. 2007 முதல் 2014 வரை வட அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் 1,500க்கு மேற்பட்ட டி-கல நோயாளரைச் சேர்த்து நடந்த ஆய்வில் ஐந்து வருட உயிர்வாழ்வு 90 வீதத்தை நெருங்கியது. அதே குறி. அதே கலம்.

இன்னொன்று. ஏ.எல்.எல். கலத்தில் சி.டி.13, சி.டி.33 போன்ற மைலோயிட் குறிகள் சேர்ந்திருந்தால் பிள்ளைக்கு ஆபத்து என்று 1991இல் ஒரு பெயர்பெற்ற இதழில் கட்டுரை வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், நல்ல சிகிச்சை பெற்ற பெரும் எண்ணிக்கையான பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது அந்தக் குறிக்குத் தனியாக எந்தக் கேடும் இல்லை என்று தெரிந்தது. முதிர்ந்த பி-கல வகையும் அப்படியே. ஒரு காலத்தில் அது கிட்டத்தட்ட மரணச் செய்தி. குறுகிய, கடுமையான மருந்துச் சுற்றுகள் வந்தபின் பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிறார்கள்.

எல்லாக் குறியும் இப்படி இளகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தைக்கு வரும் ஏ.எல்.எல். பெரும்பாலும் கே.எம்.டி.2ஏ என்ற பரம்பரையலகு உடைந்து வருவது. அதன் அடையாளங்களில் ஒன்று சி.டி.10 இல்லாமலிருப்பது. அந்தக் குழந்தைகளில் பாதிப் பேரைக்கூடக் காப்பாற்ற முடியாமல் மருத்துவம் பல வருடம் திணறியது.

அடையாறில் கிடைத்த விடை

நம் பக்கத்து நிலைமைக்கு லண்டனையும் மெம்பிஸையும்விட அடையாறுதான் நெருக்கமான சாட்சி. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய சென்னைப் புற்றுநோய் நிலையம், டொக்டர் வி. சாந்தா தன் வாழ்நாளையே கொடுத்த இடம். அங்கே கே.ஆர். ராஜலட்சுமியும் சாந்தாவும் பிள்ளைகளின் நோய்க்கலக் குறிகளையும் சிகிச்சைப் பலனையும் ஒப்பிட்டு 1990களில் எழுதினார்கள். சென்னையில் டி-கல வகையின் பங்கு மேலை நாட்டு அளவைவிடக் கணிசமாக அதிகம். இரண்டு முதல் ஐந்து வயதில் உச்சம் காட்டும் பொது வகை ஏ.எல்.எல்., வாழ்க்கை வசதி பெருகிய சமூகங்களில்தான் அதிகம் தெரிகிறது என்பது கிரீவ்ஸின் கணிப்பு. குழந்தை முதல் வருடத்தில் சாதாரணத் தொற்றுகளைச் சந்திக்காமல் வளர்ந்து, பிறகு தாமதமாகச் சந்திப்பதோடு அதை அவர் தொடர்புபடுத்துகிறார். அப்படியானால் ஒரு ஆய்வுகூடத்தின் பத்து வருட ரிப்போர்ட்டுகளை அடுக்கி வைத்தால் அந்த ஊரின் வீடுகளையும் வறுமையையும்கூட அதில் ஓரளவு படிக்கலாம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் வியப்பளிப்பது இதுதான்.

1984இல் தொடங்கிய எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைச் சென்னை, மும்பை டாடா நினைவு ஆஸ்பத்திரி, டில்லி எயிம்ஸ் ஆகிய மூன்று இடங்களும் கையாண்டன. அதுவரை 20 வீதத்துக்கும் கீழே கிடந்த நோயற்ற நான்கு வருட வாழ்வு 45 முதல் 60 வீதம் வரை ஏறியது. பிறகு 1990 முதல் 1997 வரை சிகிச்சை பெற்ற 1,048 பேரின் விவரத்தைப் பிரித்துப் பார்த்தபோது ஆய்வாளர்களே எதிர்பாராத ஒன்று வெளிவந்தது. மூன்று இடங்களுக்கும் பொதுவான முன்கணிப்புக் காரணி என்று ஒன்றைக்கூடச் சுட்ட முடியவில்லை. மேலை நாட்டில் பிள்ளையின் வயது பெரிய காரணி. இங்கே எந்த இடத்திலும் அது வேலை செய்யவில்லை. ஒரே மருந்துமுறை, ஒரே நோய், மூன்று ஊர், மூன்று பலன்.

இதைப் படித்தபின் முன்கணிப்பு என்ற சொல்லை நான் வேறு விதமாகவே எடுக்கிறேன். பிள்ளை தப்புமா என்பதற்குக் குறி மட்டும் விடை சொல்வதில்லை. எவ்வளவு தாமதமாக வந்தது, காய்ச்சல் வந்த இரவில் அன்டிபயோட்டிக் எத்தனை மணிக்கு ஏறியது, மருந்து இடையில் நின்றதா, வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்களா என்பவையெல்லாம் அந்த விடைக்குள் இருக்கின்றன. கண்டியில் குணமாகும் வீதம் என்பது கண்டியில் உள்ளவர்கள் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஓர் எண்.

பிறந்த திகதியும் பத்தாயிரத்தில் ஒன்றும்

ஆபத்தை அளக்கும் இரண்டு பழைய அளவுகோல்களுக்கு இயந்திரமே வேண்டாம். 1993இல் அமெரிக்காவில் கூடிய நிபுணர்கள் பி-கல நோய்க்கு வகுத்த எல்லை இன்றும் நிற்கிறது: வயது ஒன்றிலிருந்து பத்துக்குள், தொடக்க வெண்குழிய எண்ணிக்கை 50,000க்குக் கீழ் என்றால் சாதாரண ஆபத்து, மற்றவை உயர் ஆபத்து. பிறந்த திகதியும் முதல் எஃப்.பி.சி.யும் போதும். அந்த முதல் எஃப்.பி.சி. துண்டைத் தொலைக்காதீர்கள். கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தெனிய என்று எந்த ஆஸ்பத்திரியில் எடுத்ததாயினும் அதைக் கிளினிக் கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

இன்று எல்லாவற்றையும்விடக் கனமான முன்கணிப்பு, சிகிச்சை தொடங்கியபின் வருவது. முதல் கட்டம் நான்கைந்து கிழமை. அது முடிந்ததும் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மச்சை பெரும்பாலும் சுத்தமாகத் தெரியும். உண்மையில் சுத்தமா? அதே ஃப்ளோ சைட்டோமீட்டரில், முதல் நாள் குறித்துவைத்த குறிகளின் சேர்க்கையைத் தேடிப் பத்தாயிரம் கலத்தில் ஒரே ஒரு நோய்க்கலம் மிஞ்சியிருந்தாலும் பிடித்துவிடலாம். இதற்கு எம்.ஆர்.டி. என்று பெயர். 1998இல் டாரியோ கம்பானாவின் குழு செயின்ட் ஜூடிலிருந்து இதன் வலிமையைக் காட்டியது. 0.01 வீதத்துக்குக் கீழே என்றால் நல்ல சேதி. மேலே என்றால் சிகிச்சையைக் கடுமையாக்க வேண்டும். பிரித்தானியாவின் யூ.கே. ஏ.எல்.எல். 2003 ஆய்வு இதை வைத்துத்தான் சிலருக்கு மருந்தைக் குறைத்தது, சிலருக்குக் கூட்டியது. பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 ஆய்வும் இதே வழியில் நல்ல பலனைக் கண்டது.

எம்.ஆர்.டி. பார்க்க முதல் நாள் தாள் அவசியம். எதைத் தேட வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. ஆகவே தாய் தகப்பன் டொக்டரிடம் கேட்க வேண்டியது, "இது நல்லதா கெட்டதா?" என்பதைவிட, "இதை வைத்து எந்த மருந்துமுறை, முதல் கட்டம் முடிந்ததும் எம்.ஆர்.டி. எங்கே, எப்போது?" என்பதுதான்.

குறி இன்னொரு விதத்திலும் பயனாகத் தொடங்கிவிட்டது. சி.டி.19ஐப் பிடித்து, நோயாளியின் சொந்த டி-கலத்தை அதன் அருகே இழுத்துவந்து தாக்க வைக்கும் மருந்து பிளினடுமொமாப். முன்பு நான் சொன்ன வகை நோயுள்ள கைக்குழந்தைகள் 30 பேருக்கு ஒரு சுற்று இதைச் சேர்த்துக் கொடுத்தபோது, இரண்டு வருடத்தில் நோயற்று இருந்தவர்கள் 80 வீதத்தைத் தாண்டினார்கள். அந்த முடிவு 2023இல் வெளியானது. 2024 டிசெம்பரில் வந்த இன்னொரு ஆய்வு, சாதாரண ஆபத்துப் பிள்ளைகளிலேயே மூன்று வருட நோயற்ற வாழ்வு 88 வீதத்திலிருந்து 96 வீதமாக ஏறியதைக் காட்டியது. விலைதான் மலை. நமது நாட்டின் அரச ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கிடைக்கும் நாள் வர வேண்டும்; அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அது வரும்வரை காத்திருக்க வேண்டிய நிலையில் நாம் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளைக் குணமாக்கும் மருந்துகள் எல்லாமே பழையவை.

பழைய மருந்தும் ஒரு நாள் பேரும்

வின்கிறிஸ்டின், யாழ்ப்பாணத்தார் பட்டிப்பூ என்றும் தமிழ்நாட்டார் நித்தியகல்யாணி என்றும் சொல்லும் செடியிலிருந்து வந்தது. மெதோட்ரெக்ஸேட்டின் பின்னணியில் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் இருக்கிறார். அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுகூடத்தில் அவருடைய குழு தயாரித்துக் கொடுத்த, அதன் முன்னோடியான அமினோப்டெரினை வைத்துத்தான் 1948இல் சிட்னி ஃபார்பர் முதன்முதலில் இந்த நோயைத் தற்காலிகமாகவேனும் அடக்கிக் காட்டினார். மெர்காப்டோபியூரின் 1953இலிருந்து பாவனையில் இருக்கிறது. எதற்கும் காப்புரிமைத் தடை இல்லை.

மருந்தைக் கம்பெனிப் பெயரில் வாங்காமல் மூலப்பெயரில் வாங்க வேண்டும் என்று இந்த நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர் சேனக பிபிலே. கண்டி திரித்துவக் கல்லூரியின் மாணவர். 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். அவர் காட்டிய வழியின் பயனை ஒவ்வொரு நாளும் அனுபவிக்கும் நோயாளிகளில் இந்தப் பிள்ளைகளும் அடங்குவர். 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. வின்கிறிஸ்டின் ஒரு கிழமை தள்ளிப்போனால் எந்த நல்ல குறியும் பிள்ளைக்கு ஈடு செய்யாது. அந்த வருடத்தை நிருவாகிகள் மறக்கக் கூடாது. மலிவான, பழைய மருந்துக்கு ஆறு மாத இருப்பு வைப்பது பெரிய தத்துவமல்ல, களஞ்சிய வேலை.

முதல் சில மாதம் பிள்ளை வார்ட்டிலும் கிளினிக்கிலுமாக இருக்கும். மருந்து தாதியின் கையில். அதற்குப் பிறகு வரும் பராமரிப்புக் கட்டத்தோடு சேர்த்து மொத்தச் சிகிச்சை இரண்டு, இரண்டரை வருடம், சில முறைகளில் மூன்று. அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு நாளும் மெர்காப்டோபியூரின், கிழமைக்கு ஒருமுறை மெதோட்ரெக்ஸேட். கொடுப்பது தாய். பிள்ளையின் தலைமுடி மறுபடி முளைத்திருக்கும், பாடசாலை போகத் தொடங்கியிருக்கும். இனி என்ன மருந்து என்று பக்கத்து வீடு கேட்கும். டில்லியில் படித்து அமெரிக்காவில் பணியாற்றும் டொக்டர் ஸ்மிதா பாட்டியாவின் ஆய்வு, எழுதிக்கொடுத்த மாத்திரைகளில் 95 வீதத்துக்குக் குறைவாக எடுத்த பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் என்று காட்டியது. மாதத்தில் இரண்டு நாள் தவறினாலே அந்த எல்லைக்கு வெளியே. தாளில் உள்ள பல சி.டி. எண்களைவிட இந்த எண் கனமானது.

தோட்டத்துக் குடும்பத்துக்கு ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகிறது. கண்டிவரை இரண்டு பஸ், கூட வருபவருக்குச் சாப்பாடு, லயத்தில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகள். மருத்துவம் இலவசம், அதைப் போய்ப் பெறுவது இலவசமல்ல. மேல் சிகிச்சைக்கு மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் செலவு இன்னும் கூடும். தோட்ட நிருவாகங்களும் தொழிற்சங்கங்களும் இந்தப் பெற்றோருக்குக் கிளினிக் நாளின் சம்பளத்தையும் பஸ் காசையும் மூன்று வருடத்துக்குப் பொறுப்பேற்கலாம். ஒரு தோட்டத்தில் இப்படி எத்தனை பிள்ளை இருக்கப்போகிறது? சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இது ஒரு வரிக்கு மேல் இடம் கேட்காது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய மாகாணத்தில் தமிழ் பேசும் நோயாளர் பெருந்தொகை. மலையகத் தமிழர், முஸ்லிம்கள் என்று இரு பக்கமும். ரிப்போர்ட் ஆங்கிலத்தில், வார்ட்டுப் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில். அன்பாகப் பேசும் தாதியும் டொக்டரும் ஏராளம். ஆனால் "இந்த மாத்திரை அரை, அந்த மாத்திரை கிழமைக்கு ஒருமுறை மட்டும்" என்பதை அரைகுறையாக விளங்கிக்கொண்டு போகும் ஒரு தாய், கிழமைக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய மெதோட்ரெக்ஸேட்டைத் தினமும் கொடுத்துவிட்டால் அது உயிராபத்து. இது உலகமெங்கும் அறிந்த, திரும்பத் திரும்ப எச்சரிக்கப்பட்ட பிழை. கிழமை நாளின் பெயரைத் தமிழில் உறையின் மேல் எழுதுவது அதைத் தடுக்கும்.

காய்ச்சலும் அப்படித்தான். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு உடம்பு 38 பாகையைத் தாண்டினால் காலைவரை காத்திருக்கக் கூடாது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பெனடோல் வாங்கிக் கொடுத்துப் படுக்க வைக்கக் கூடாது. இரவு எத்தனை மணியானாலும் முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், முதல் வாசலிலேயே "கீமோ பிள்ளை" என்று சொல்லிக் கிளினிக் கொப்பியைக் காட்ட வேண்டும். மருந்தால் வெண்குழியம் இறங்கிக் கிடக்கும் நேரத்தில் தொற்று சில மணி நேரத்தில் பிள்ளையைக் கொண்டுபோய்விடும். புற்றுநோயிலிருந்து தப்பிய பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுப்பது இந்தச் சிகிச்சையில் நேரக்கூடிய மிகப் பெரிய கொடுமை.

இத்தனையும் ஒரு பக்கத் தாளில் அடங்கும்: பிள்ளையின் நோய் வகை, ஆபத்துப் பிரிவு, எம்.ஆர்.டி. முடிவு, எந்தக் கிழமை நாளில் எந்த மாத்திரை, காய்ச்சலின் எல்லை, வார்ட்டுத் தொலைபேசி இலக்கம். கண்டி தேசிய வைத்தியசாலையும், பேராதனைப் போதனா வைத்தியசாலையும், அதனருகே சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும் நகரத்தைச் சுற்றிச் சில மைல் தூரத்துக்குள் இருக்கின்றன. அந்தத் தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தரக்கூடிய மருத்துவ மாணவர்கள் பேராதனையில் ஒவ்வொரு வருடமும் பட்டம் பெற்று வெளியே வருகிறார்கள். அடுத்த மாதக் கிளினிக்குக்கு முன்னரே அதைத் தொடங்கிவிடலாம்.